மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமா?

வணக்கம் மேடம்,

எனக்கு 29 வயது. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். மூன்று வருடமாகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். எட்டு மாதமாகச் சால்சா, பச்சாட்டா என்ற ஜோடி நடனங்களின் வகுப்புக்குப் போகிறேன். வாரக் கடைசியில் எல்லோரும் கூடி ஆடும் சோஷியலுக்கும் போவேன். யார் கூப்பிட்டாலும் மறுக்கக் கூடாது, அது மரியாதைக் குறைவு என்று வகுப்பில் சேர்ந்த புதிதிலேயே சொல்லிவிட்டார்கள். நானும் யாரையும் மறுத்ததில்லை.

அங்கே வழக்கமாக வரும் ஒருவர் இருக்கிறார். வயதில் மூத்தவர், பல வருடமாக ஆடுகிறவர். டர்ன் கொடுக்கும்போது, அதாவது என்னைச் சுற்றவிடும்போது, கையை இறுக்கிப் பிடித்து முறுக்குவார். அவரோடு ஆடினால் இரண்டு நாள் தோள் வலிக்கும். பச்சாட்டா போட்டால் கேட்காமலே நெருக்கமாக இழுத்துக்கொள்வார். போன மாதம் அவர் கூப்பிட்டபோது, 'கால் வலிக்கிறது, அப்புறம் ஆடலாம்' என்று சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வகுப்புத் தோழன் வந்து கை நீட்டினான். யோசிக்காமல் எழுந்து போய் ஆடிவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். 'எட்டு மாதத்திலேயே இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு திமிர்' என்று பிறகு இரண்டு மூன்று பேரிடம் சொன்னாராம். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை நன்றாக ஆடும் ஒருவரை நானே போய்க் கூப்பிட்டேன். 'இப்போது வேண்டாம்' என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. அந்த வேதனை தெரிந்ததால் பிறரை மறுக்கவும் மனசு வரவில்லை. நான் செய்தது தப்பா? இனி எப்படி நடந்துகொள்வது?

பெயர் வெளியிட வேண்டாம், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் தோளைப் பற்றிப் பேசிவிடுகிறேன். கடிதத்தில் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

பதினாறு வருடமாகச் சால்சாவும் டாங்கோவும் சொல்லித் தருகிறேன். சால்சாவில் ஒரு டர்னுக்கு லீட் செய்கிறவருடைய, அதாவது ஆட்டத்தை நடத்திச் செல்கிறவருடைய, வேலை மிகவும் கொஞ்சம். கையை உங்கள் தலைக்கு மேலே உயர்த்தி, எந்தப் பக்கம், எந்தத் தாள எண்ணிக்கையில் என்று காட்டினால் போதும். சுற்றுவது நீங்கள், உங்கள் கால் பலத்தில். அவருடைய விரல்கள் கொக்கி மாதிரி வளைந்து நிற்க, உங்கள் விரல்கள் அதற்குள் வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துவிட்டால் அந்த வழுக்கல் நின்றுபோகும். கை திரும்பாமல் உடம்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுக்க மணிக்கட்டிலும் தோளிலும் போய் இறங்கும். இரண்டு நாள் வலிக்கிறது என்றால் பிடித்தவருடைய பிடி தப்பு. நீங்கள் புதியவர் என்பதால் வந்த வலி இல்லை இது. அவர் எத்தனை வருடம் ஆடியிருந்தாலும் அந்தப் பிடி தப்புதான். வலி இன்னும் இருந்தால் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை டர்ன் பயிற்சியை நிறுத்தி வையுங்கள்.

ஆகவே, மறுத்தது தப்பா என்ற கேள்விக்கு என் பதில்: இல்லவே இல்லை. முதல் தடவை தோள் வலித்த வாரமே மறுத்திருக்கலாம். நீங்கள் மறுக்காமல் இருந்ததற்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம்தான் காரணம். அதே பாடத்தை நானும் பல வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். புதிதாக வருகிறவர்கள் சுவரோரம் உட்கார்ந்தே இரவைக் கழித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நன்றாக ஆடுகிறவர்கள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்வார்கள். 'யார் கேட்டாலும் சரி என்று சொல்லுங்கள்' என்ற ஒரே வாக்கியம் அந்த வேலியை உடைத்தது. கூச்சப்பட்டவர்கள் எழுந்தார்கள். பிறகு, என்னிடம் இரண்டு வருடம் கற்றுக்கொண்ட ஒரு பெண் திடீரென்று நின்றுவிட்டாள். போன் போட்டுக் கேட்டேன். சோஷியலில் ஒருவர் ஒவ்வொரு வாரமும் அவளை அருவருப்பாக உணரவைத்திருக்கிறார். 'ஏன் ஆடினே?' என்று கேட்டதற்கு, 'நீங்கதானே மறுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க' என்றாள். அன்றோடு அந்தப் பாடத்தை விட்டேன். அவள் திரும்பி வரவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

என்னைப் போல மனம் மாறியவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. லிண்டி ஹாப் என்ற நடனம் நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தது. அங்கே 1926 முதல் 1958 வரை இருந்த சவாய் பால்ரூமில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம்! அந்த நடனத்தை இன்று ஆடுகிறவர்களும் 'எல்லோரோடும் ஆடு' என்பதைப் பெருமையாகவே சொல்லிவந்தார்கள். 2015இல் பெயர் பெற்ற ஓர் ஆசிரியரைப் பற்றிப் பெண்கள் பலர் வெளிப்படையாகப் புகார் எழுதினார்கள். அதற்குப் பிறகு பல நடன விழாக்கள் நடத்தை விதிகளை எழுதி வைக்கத் தொடங்கின. யாரையும், எப்போதும், காரணம் சொல்லாமல் மறுக்கலாம் என்பது அந்த விதிகளில் அடிக்கடி வரும் ஒரு வரி.

'காரணம் சொல்லாமல்' என்பதை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

நாம் வளர்ந்த வீடுகளில் வெறும் 'வேண்டாம்' செல்லுபடியானதே இல்லை. ஒரு வீட்டுக்குப் போய்க் காபி வேண்டாம் என்றால், 'இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்' என்று சேர்க்க வேண்டும். அது போதாவிட்டால் 'டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கார்'. அப்புறமும் 'அப்ப கொஞ்சம் மோராவது' என்பார்கள். அந்தப் பழக்கத்தில் அன்பு இருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடனத் தளத்தில் அது நம்மையே கட்டிப்போட்டுவிடும். ஒரு காரணத்தைச் சொன்ன நிமிடத்திலிருந்து அதைக் காப்பாற்றும் வேலை நம் தலையில் விழுகிறது. கால் வலி என்று சொன்னால் அடுத்த பாட்டுக்கும் வலித்தாக வேண்டும். தாகம் என்று சொன்னால் டம்ளரைக் கீழே வைத்ததும் அவர் வந்து நிற்பார். 'அப்புறம்' இன்னும் சங்கடம். சொன்னவருக்கு அது மறுப்பு. கேட்டவருக்கு அது வாக்கு. அவர் அந்த வாக்கை நம்பிக் காத்திருப்பார்.

இந்த ஓர் இடத்தில் மட்டும் அந்த மூத்தவர் பக்கம் சிறிது நியாயம் இருக்கிறது. கால் வலி என்று கேட்டுவிட்டுப் போனவர், அடுத்த சில நிமிடத்தில் நீங்கள் சுற்றிச் சுற்றி ஆடுவதைப் பார்த்தார். மறுத்ததைவிட, தன்னிடம் பொய் சொன்னதாகத்தான் அவருக்குப் பட்டிருக்கும். நீங்கள் 'வேண்டாம், நன்றி' என்று மட்டும் சொல்லியிருந்தால், தோழனோடு ஆடியதைப் பற்றிப் பேச அவருக்கு ஒன்றும் இருந்திருக்காது. அதற்காக அவர் ஊரெல்லாம் 'திமிர்' என்று பேசியது சரியாகிவிடாது. அது சின்னத்தனம். உங்களை வீட்டில் உட்காரவைக்கும் அளவுக்கு அந்தப் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள்.

ஒருவரை மறுத்தால் அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அது 18, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பழக்கம். பாத் நகரத்து அசெம்பிளி ரூம்ஸ் மாதிரி கூடங்களில் பெண் யாரையும் தானாகக் கூப்பிட முடியாது. கூப்பிட்டவரை ஏற்கலாம், அல்லது மறுக்கலாம். ஒருவரை மறுத்துவிட்டு இன்னொருவரோடு ஆடினால் அது பெரிய அவமதிப்பு. பிடிக்காத ஒருவரைத் தவிர்ப்பதற்காக, பிடித்தவர்களோடு ஆடுவதையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் டான்ஸ் கார்டு பரவியது. அன்றைய நடனங்களின் பட்டியல், பக்கத்தில் பெயர் எழுத இடம், நூலில் கட்டிய ஒரு குட்டிப் பென்சில். 'ஏற்கெனவே பெயர் எழுதியாகிவிட்டது' என்று காட்டுவதற்கு அது பெண்களுக்கு ஓரளவு உதவியிருக்கும்.

அந்தப் பழைய விதியிலிருந்து நான் வைத்துக்கொண்டது கொஞ்சம்தான். 'இந்தப் பாட்டுக்கு வேண்டாம்' என்று நல்ல மனிதர் ஒருவரிடம் சொன்னால், அந்தப் பாட்டு முடியும்வரை நான் ஆட மாட்டேன். மூன்று நான்கு நிமிடம், ஒன்றும் குறைந்துபோகாது. அடுத்த பாட்டுக்கு யாரோடு வேண்டுமானாலும் எழுவேன். ஆனால் உடம்பை வலிக்கவைக்கிறவருக்கும், விருப்பம் கேட்காமல் இழுக்கிறவருக்கும் இந்த மூன்று நிமிடம்கூட நீங்கள் தர வேண்டியதில்லை. அதே பாட்டுக்குத் தோழனோடு எழுந்து போகலாம்.

இந்தச் சங்கடத்துக்கு நான் பார்த்ததிலேயே அழகான வழி பியூனஸ் அயர்ஸில் இருக்கிறது. டாங்கோ ஆடும் கூட்டத்துக்கு மிலோங்கா என்று பெயர். மரபைக் காக்கும் மிலோங்காக்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் மேசைகளில் உட்காருவார்கள். யாரும் எழுந்துபோய்க் கை நீட்டுவதில்லை. ஆட விரும்பும் பெண் அந்த மனிதரை நேராகப் பார்ப்பாள். இது மிராதா, அதாவது பார்வை. அவரும் பார்த்துவிட்டால் தலையை லேசாக அசைப்பார். இது கபெசெயோ, ஸ்பானிய மொழியில் தலைக்கு கபேசா, அதிலிருந்து வந்த சொல். அவளும் தலையசைத்தால் அவர் எழுந்து அவளிடம் வருவார். ஆட விருப்பம் இல்லையா, அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தால் முடிந்தது. அவர் கேட்டதும் அவள் மறுத்ததும் பக்கத்து மேசைக்குக்கூடத் தெரியாது. கண்ணால் பேசிக்கொள்வது நமக்குப் புதிதா என்ன? கல்யாண வீட்டில் அம்மா ஒரு பார்வையில் சொல்வதைப் புரிந்துகொண்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

அங்கே இவ்வளவு கவனம் தேவைப்படக் காரணம் உண்டு. டாங்கோவில் பாட்டுகள் தாண்டா என்ற தொகுப்பாக வரும். டாங்கோ என்றால் பெரும்பாலும் நான்கு, வால்ஸ் என்றால் மூன்று. ஒத்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒரே ஆளின் அணைப்பில் ஆட வேண்டும். தாண்டா முடிந்ததும் கொர்தினா என்று வேறு ஏதோ இசையைக் கொஞ்ச நேரம் போடுவார்கள், தளம் காலியாகும், எல்லாரும் போய் உட்கார்ந்து மறுபடியும் கண்களைத் தேடுவார்கள். தாரியென்சோ, புக்லியேசே இருவரும் டாங்கோ இசைக்குழுக்களை நடத்தியவர்கள். தாரியென்சோவின் துள்ளலான தாளத்துக்கு ஒருவரோடு ஆடப் பிடிக்கும், அதே ஆளோடு புக்லியேசேயின் கனத்த இசைக்கு ஆட முடியாது. எனக்குப் புக்லியேசே வந்தால் பல நாள் உட்கார்ந்து கேட்கத்தான் தோன்றும். அந்த நேரத்தில் என்னைப் பார்த்தவர் என்னால் மறுக்கப்பட்டவர் ஆகிறார், ஆனால் அவரிடம் ஒரு குறையும் இல்லை. உங்களை மறுத்த அந்த நல்ல ஆட்டக்காரரைப் பற்றி யோசிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டு பிடிக்காமல் இருந்திருக்கலாம். முட்டி வலித்திருக்கலாம். யாருக்கோ அடுத்த பாட்டைச் சொல்லி வைத்திருக்கலாம். உங்களோடு ஆட விருப்பமில்லாமலும் இருந்திருக்கலாம். அதுவும் அவருடைய உரிமைதான். அவர் 'இப்போது வேண்டாம்' என்று சுருக்கமாகச் சொன்னது உங்களுக்குச் செய்த மரியாதை. பொய் சொல்லவில்லை. உங்களைக் காத்திருக்க வைக்கவும் இல்லை.

இடையில் நிறுத்துவதற்கும் அங்கே ஒரு சொல் இருக்கிறது: கிராசியாஸ், நன்றி. தாண்டா நடுவில் இதைச் சொன்னால் 'போதும்' என்று பொருள். நம்மைப் போலப் புதிதாகப் போகிறவர்கள் முதல் பாட்டு முடிந்ததும் மரியாதைக்கு நன்றி சொல்லிவிட, எதிரே நிற்பவர் அவர்களை மேசைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்.

சால்சா கூடத்தில் இதெல்லாம் முழுதாக நடக்காது. வெளிச்சம் குறைவு, சத்தம் அதிகம், நேரே வந்து கையை நீட்டிவிடுவார்கள். அதனால் வாயால்தான் சொல்ல வேண்டும். கண்ணைப் பார்த்து, முகம் சுளிக்காமல், 'நோ, தேங்க்ஸ்'. அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் மௌனத்தில் ஏதாவது சொல்லி நிரப்ப வேண்டும் போல இருக்கும். நிரப்பாதீர்கள். அந்த ஆளோடு உண்மையிலேயே ஆட விருப்பம் இருந்து, இந்தப் பாட்டுக்கு மட்டும் வேண்டாம் என்றால், 'அடுத்த பாட்டுக்கு நானே வந்து கூப்பிடுகிறேன்' என்று சொல்லுங்கள். சொன்னால் போய்க் கூப்பிடுங்கள். கூப்பிடும் எண்ணம் இல்லாமல் அதைச் சொல்ல வேண்டாம்.

அந்த மூத்தவருக்கு இந்த 'நோ, தேங்க்ஸ்' போதும் என்று நீங்கள் நினைத்தால், ஒவ்வொரு முறையும் அதையே சொல்லலாம். ஆனால் அவரிடம் ஒரே ஒரு தடவை வெளிப்படையாகச் சொல்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது: 'உங்களோடு ஆடினால் எனக்குத் தோள் வலிக்கிறது. அதனால் நான் ஆடப்போவதில்லை.' தளத்தில் ஒருவருக்கு ஒருவர் பாடம் நடத்தக் கூடாது என்பது பொதுவான ஒழுங்கு, நானும் மாணவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். வலிக்கு மட்டும் அது பொருந்தாது. தன் பிடி பிறருக்கு வலிக்கிறது என்று பல வருடமாக யாரும் அவரிடம் சொல்லாமலே இருந்திருக்கக்கூடும். மற்ற பெண்களும் உங்களைப் போலவே கால் வலி என்று சொல்லி ஒதுங்கியிருப்பார்கள். அவர் வாக்குவாதத்துக்கு வந்தால் நீங்கள் நின்று கேட்க வேண்டிய அவசியமில்லை.

ஆடிக்கொண்டிருக்கும்போதே வலித்தால் பாட்டு முடியட்டும் என்று பல்லைக் கடிக்க வேண்டாம். கையை விடுங்கள், 'போதும், நன்றி' சொல்லுங்கள், ஓரமாக நடந்துவிடுங்கள். நடுத்தளத்தில் நின்று பேசினால் பக்கத்து ஜோடி வந்து இடிக்கும். கேட்காமல் டிப் செய்து உங்களைப் பின்னால் சாய்க்கப் பார்த்தால், முட்டியை மடக்கி உங்கள் எடையை உங்கள் பாதத்தின் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், சாயாதீர்கள். இதை உங்கள் ஆசிரியரிடம் கேட்டு நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், முதுகுக்கு ஆபத்தான விஷயம் இது.

பச்சாட்டா நெருக்கம் பற்றி. பச்சாட்டா டொமினிகன் குடியரசில் 1960களில் கிட்டாரோடு உருவான இசை. உடம்போடு உடம்பு ஒட்டி அலை மாதிரி ஆடும் சென்சுவல் பாணி வெகுகாலம் கழித்து ஸ்பெயினில் வளர்ந்தது. ஆகவே 'பச்சாட்டா என்றாலே இப்படித்தான்' என்று யாராவது சொன்னால் அது உண்மை கிடையாது. கைகளை மட்டும் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் ஆடலாம். உங்கள் இடது கையை அவர் முதுகுக்குக் கொண்டுபோகாமல், தோளின் முன்பக்கம் வைத்து முழங்கையைக் கொஞ்சம் உறுதியாக நிறுத்துங்கள். புரிந்துகொள்கிற லீட் அந்தத் தூரத்தை உடனே ஏற்றுக்கொள்வார். அதை மீறி இழுக்கிறவரோடு அந்தப் பாட்டை முடிக்க வேண்டியதில்லை.

அப்புறம், சோஷியலை நடத்துகிறவரிடம் ஒருமுறை பேசுங்கள். அந்த மூத்தவர் பேசிய 'திமிர்' பற்றிச் சொல்ல வேண்டாம். கேட்காமல் இழுப்பது, தோள் வலி, எந்தெந்த நாள் நடந்தது, இவற்றை மட்டும் சொல்லுங்கள். பொறுப்பான நடத்துநர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். 'அவர் அப்படித்தான், பெரிசா எடுத்துக்காதீங்க' என்று பதில் வந்தால், வேறு சோஷியலுக்குப் போங்கள். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

கூப்பிடுகிற பக்கம் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆணோ பெண்ணோ, 'வேண்டாம்' என்ற பதில் வந்தால் 'சரி' என்று சிரித்துவிட்டு நகருங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். அதே மூச்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கையை நீட்டாதீர்கள், அவரை இரண்டாம் பட்சமாக்கிவிடுவீர்கள். அன்றைக்கு மறுபடியும் போய்க் கேட்பதைவிட, அவராக வரும்வரை விட்டுவிடுவது நல்லது.

அந்த மாணவி நின்ற பிறகு, ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் ஐந்து நிமிடம் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். பாட்டு கிடையாது. இரண்டு வரிசையாக நிற்பார்கள். ஒருவர் வந்து 'ஆடலாமா?' என்பார். எதிரே இருப்பவர் 'வேண்டாம், நன்றி' என்பார். வந்தவர் 'சரி' என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போவார். முதல் சுற்றில் எல்லாரும் சிரிப்பார்கள், சிலர் தன்னையறியாமல் 'ஸாரி' சொல்லிவிடுவார்கள், சிலர் காரணம் தேடுவார்கள். நான்காவது சுற்றில் சிரிப்பு அடங்கி, குரல் இயல்பாகிவிடும். இந்த வெள்ளிக்கிழமை சோஷியலுக்குக் கிளம்பும் முன் உங்கள் வகுப்புத் தோழனைக் கூப்பிட்டு, பத்துத் தடவை உங்களிடம் 'ஆடலாமா?' என்று கேட்கச் சொல்லுங்கள். பத்துத் தடவையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் அவனைக் கேளுங்கள், அவனும் பத்துத் தடவை மறுக்கட்டும்.